ரஸ்ஸலின் ஞாயிற்றுக்கிழமைகள்

ரஸ்ஸல் ஹேக் என்னைத் தேடி வந்தது சமரசம் பேச அல்ல, ஒரு கையெழுத்து வாங்க.

"ரெண்டு நிமிஷ வேலைதான், கண்ணு. பார்த்தேன், பேசினேன், தேறலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. நான் நேரா கோர்ட்டுக்குப் போயிடறேன்" என்றான்.

அவனுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. வட இங்கிலாந்தில் இந்த ஹாலிஃபாக்ஸில் பஸ் ஓட்டுகிறவர்கள் ஏறுகிற எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள். பாதிரியார் ஏறினாலும் கண்ணுதான். அதனால் அதற்குக் கோபம் வரவில்லை. 'ரெண்டு நிமிஷம்' என்றானே, அதற்குத்தான் வந்தது.

நான் இருபத்திரண்டு வருஷம் இதே ஊரில் குடும்ப வழக்கு நடத்திய வக்கீல். புருஷன் பெண்டாட்டி பிரிந்து பிள்ளை யாரிடம் என்று அடித்துக்கொண்டால், கையில் வசதி இல்லாதவர்களுக்கு அரசாங்கமே எங்களைப் போன்றவர்களை வைத்துக் கொடுத்தது. 2013 ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அடி உதை நடந்ததற்கு அத்தாட்சி காட்டினால் உண்டு, மற்றவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பேச்சுக்கு மட்டும் நாங்கள் செலவு செய்கிறோம் என்றார்கள். எங்கள் அலுவலகம் குடும்பப் பிரிவையே இழுத்து மூடியது. நான் எட்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சமரசக்காரி ஆனேன். எட்டு நாளும் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: மோரீன், வாயை மூடு. யார் பக்கமும் சாயாதே, யோசனை சொல்லாதே, கேள்வி மட்டும் கேள். பேசியே பிழைத்தவளுக்கு இது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வக்கீல் இல்லையென்றால் ஜனங்கள் எங்களிடம் வந்து குவிவார்கள் என்று மேலே இருப்பவர்கள் நினைத்தார்கள். ஒருத்தரும் வரவில்லை. எங்களிடம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததே அந்த வக்கீல்கள்தான் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. நாலு பேராக இருந்த நாங்கள் இரண்டு பேரானோம். கடைத்தெரு அலுவலகத்தை விட்டு மெதடிஸ்ட் சர்ச் ஹாலின் பின்னறைக்கு வந்து சேர்ந்தோம். பக்கத்து அறையில் வியாழக்கிழமைதோறும் கைக்குழந்தைகளுக்குப் பாட்டு வகுப்பு. ஒரு ஜோடி தங்கள் கல்யாணம் எந்த இடத்தில் முறிந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, சுவருக்கு அந்தப் பக்கம் இருபது குழந்தைகள் டமாரம் அடிப்பார்கள்.

அடுத்த வருஷமே இன்னொரு சட்டம் வந்தது. கோர்ட்டுக்குப் போகிறவர் முதலில் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும், பார்த்ததற்கு எங்கள் கையெழுத்து வேண்டும். ரஸ்ஸல் வந்தது அதற்காகத்தான். 2015 ஜனவரிக் கடைசி, வெளியே ஈரப் பனி.

அவன் கோட்டு சூட்டில் வந்திருந்தான். கல்யாணத்துக்குத் தைத்த சூட் என்று பார்த்தவுடனே தெரிந்தது, ஏனென்றால் கல்யாணத்துக்குப் பிறகு ஆள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தான். கையில் சிவப்பு ஃபைல். அதற்குள் நிறநிறமாகப் பிரிப்புத் தாள்கள்.

"இது என்ன?"

"சாட்சியம்" என்றான் பெருமையாக. "என்னை விட்டுப் பிரிஞ்ச பெண்டாட்டி டோனா செஞ்ச தப்பு மொத்தம் இருபத்து மூணு. தேதி போட்டு வெச்சிருக்கேன். பாருங்க, நாலாவது. என் பொண்ணு மெய்ஸிக்குக் காலைச் சாப்பாடே உருளைக்கிழங்கு சிப்ஸ். போட்டோ இருக்கு. அஞ்சாவது, வெயில் அடிக்கிற நாள்ல பொண்ணுக்கு மழை பூட்ஸ். அதுக்கும் போட்டோ இருக்கு."

"கோர்ட்டுல இதை யார் எடுத்துச் சொல்லுவா?"

"நானேதான். டி.வி.ல எவ்வளவு பார்த்திருக்கேன்?"

"சரி, நான்தான் நீதிபதின்னு வெச்சுக்கோ. சொல்லு."

எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். சூட்டின் நடுப் பொத்தான் தெறித்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "அதாவது, கண்ணு..." என்று ஆரம்பித்தான்.

உட்காரச் சொன்னேன். கஸ்டர்ட் கிரீம் பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளினேன். "ஃபைலை மூடி வை. உனக்கு என்ன வேணும்? அதை மட்டும் சொல்லு."

ஒரு பிஸ்கட்டை எடுத்து இரண்டாகப் பிரித்தான். "என் பொண்ணு வேணும். ஒம்பது வயசு. பதினஞ்சு வாரமா அவ என் வீட்டுல தூங்கல. புதன்கிழமை போன்ல பேசுறோம். டோனா அதை ஸ்பீக்கர்ல போட்டு சமையல் மேடைல வெச்சிடுவா. ஸ்கூல் எப்படி இருந்துச்சும்பேன். நல்லா இருந்துச்சும்பா. அவ்ளோதான். எனக்கு அவளோட ஞாயித்துக்கிழமை வேணும், வேற ஒண்ணும் வேணாம்."

கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று எனக்கு மனப்பாடம். முதல் விசாரணைக்கே ஆறு வாரம், முடிவு வரக் கோடை ஆகிவிடும். வக்கீல் இல்லாத இரண்டு பேர் நீதிபதி முன்னால் நின்று சிப்ஸையும் பூட்ஸையும் வீசிக்கொள்வார்கள். அதுவரை அந்தப் பெண் சமையல் மேடையிலிருந்து 'நல்லா இருந்துச்சு' என்று சொல்லிக்கொண்டிருப்பாள். யோசனை சொல்லத்தான் எனக்குத் தடை, தகவல் சொல்லலாம். சொன்னேன். ஒரே ஒரு தடவை டோனாவுடன் இங்கே உட்கார்ந்து பார், தேறாவிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றேன். உனக்கும் அரசாங்கச் செலவு, அவளுக்கும் முதல் தடவை அரசாங்கச் செலவு.

"ஓசியா?"

"ஓசிதான்."

"பிஸ்கட்டும் உண்டா?"

"உண்டு."

"அப்ப ஒரு தடவை வரேன், கண்ணு. ஆனா அவ ஒத்துக்க மாட்டா."

டோனா ஒத்துக்கொண்டாள். வியாழக்கிழமை வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேஜையில் வேலை. ஊரிலுள்ள வாயெல்லாம் ஆறு மாதத்துக்கு முன்னாலேயே எந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று எழுதி வைக்கிறவள். சமையலறை காலண்டரையே ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். மாதத்துக்கு ஒரு நாய்ப்படம் போட்ட காலண்டர். பிப்ரவரி நாய்க்குக் கண்ணே தெரியாத அளவுக்கு முடி.

"நான் கேக்குறது ஒண்ணும் பெரிசில்ல, மோரீன்" என்றாள். "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், ஞாயித்துக்கிழமை, காலைல பத்து மணி. அவன் கம்பளக் கிடங்குல வேலை பார்த்தப்ப அப்படித்தான் நடந்துச்சு. போன அக்டோபர்ல என்னமோ ஆச்சு. அவனுக்குப் பொண்ணு கசந்துபோச்சு."

"நான் பஸ்ஸுக்குப் போனேன் கண்ணு, அதான் ஆச்சு" என்றான் ரஸ்ஸல்.

"என்னைக் கண்ணு கிண்ணுன்னு கூப்பிடாத."

"பழக்கதோஷம்."

"பஸ்ல வெச்சுக்கோ உன் பழக்கத்தை."

சுவருக்கு அந்தப் பக்கம் டமாரம் தொடங்கியது. நான் டீ ஊற்றினேன்.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் முடியுமா என்று ரஸ்ஸலிடம் கேட்டேன். முடியாது என்றான். ஏன் என்றேன். "நான் இப்ப ஒம்பதாவது வாரத்துல இருக்கேன்ல?" என்றான், அதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும் என்பதுபோல.

டோனா என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா? எது கேட்டாலும் இப்படித்தான். ஏதோ ஒரு வாரம், ஏதோ ஒரு நம்பர். நழுவுறதுல மன்னன்."

ஒன்றும் தெரியாதவள்போலக் கேள்வி கேட்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஒரே பகுதி. "ஒம்பதாவது வாரம்னா என்ன, ரஸ்ஸல்?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ஒம்பதாவது வாரம்னா ஒம்பதாவது வாரம்தான். டியூட்டி சார்ட்டுல." பிறகு எழுந்து பெரிய தாள் பலகையில் கோடு போட ஆரம்பித்தான். டிப்போவில் ஒரு சார்ட் தொங்கும். பதினாலு வரிசை, ஏழு கட்டம். ஒவ்வொரு டிரைவரும் ஒரு வரிசையில் நிற்பான். வாரம் முடிந்தால் எல்லோரும் ஒரு வரிசை கீழே இறங்க வேண்டும். பதினாலாவது முடிந்தால் திரும்ப ஒன்று. எந்த வரிசையில் எந்த நாள் விடுமுறை, எந்த நாள் எந்த பஸ் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு வருஷத்துக்கு அப்புறம் வருகிற செவ்வாய்க்கிழமை எங்கே இருப்பேன் என்று இப்போதே சொல்ல முடியும் என்றான். ஞாயிறு மட்டும் பதினாலில் ஆறு விடுமுறை. ஆனால் சீராக ஒன்று விட்டு ஒன்று வராது.

"ஆக நீ எந்த ஞாயிறு சும்மா இருப்பேன்னு உனக்கு முன்னாடியே தெரியும்?" என்றாள் டோனா மெதுவாக.

"தெரியாம?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே! அக்டோபர் முதல் வாரம் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்து, அந்த வாரம் நான் நின்ன வரிசைக்கு மஞ்சள் அடிச்சு, மெய்ஸி பையில வெச்சேன்."

"வெச்சது சொன்னதாயிடுமா?"

"டிப்போல அப்படித்தான்! சார்ட்டை ஒட்டிட்டா எல்லாருக்கும் சொன்ன மாதிரி."

"என் வீடு டிப்போ இல்ல. எந்தத் தாளும் வரல."

"வெச்சேன்."

"வரல."

அவன் ஃபைலைத் திறந்தான். ஏழாவது குற்றம், அக்டோபர் பத்தொன்பது. விடுமுறை ஞாயிறு, பத்து மணிக்கு வந்து மணி அடித்தான், வீட்டில் ஆளில்லை. எட்டாவது, நவம்பர் இரண்டு. மறுபடி அதே. காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து திரும்பினான். போன் போட்டான், அவள் எடுக்கவில்லை.

டோனா காலண்டரைப் புரட்டவில்லை. அவளுக்குத் தேவைப்படவில்லை. "அது உன் ஞாயிறு இல்ல. நாங்க என் அக்கா வீட்டுல இருந்தோம். உன் ஞாயிறு இருபத்தாறும் நவம்பர் ஒம்பதும். அன்னைக்கு நீ வரல. நான் போன் போட்டேன், நீயும் எடுக்கல."

"அன்னைக்கு நான் பஸ்ல இருந்தேன். ஓட்டுறப்ப எப்படி எடுப்பேன்?"

ஆளுக்கு ஒரு போனை ஒருமுறை எடுத்திருந்தால் இத்தனையும் தீர்ந்திருக்கும். எனக்கும் வேலை போயிருக்கும். இதை இரண்டு பேரிடமும் சத்தமாகச் சொல்ல நாக்கு துடித்தது. பயிற்சியை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

ஆனால் டோனா அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கிண்டல் எல்லாம் அடங்கிவிட்டது.

"அந்த ரெண்டு ஞாயிறும் அவ காலைல எந்திரிச்சு, கோட்டு போட்டு, பையை மாட்டிக்கிட்டு மாடிப்படியில உக்காந்தா. பத்து ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. அப்பா வரமாட்டார்டி, கோட்டைக் கழட்டுன்னேன். தெரியும்னா. கழட்டல. தெரியும்னு சொல்ற குழந்தை ஏன் கோட்டைக் கழட்ட மாட்டேங்குது? மத்தியானச் சாப்பாட்டையும் கோட்டோடதான் சாப்பிட்டா. ரெண்டு தடவை, ரஸ்ஸல். மூணாவது தடவை என்னால அதைப் பாக்க முடியாது. அதான் வேணாம்னேன். கோர்ட் சொல்லட்டும்னேன்."

ரஸ்ஸலின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஃபைலை மூடினான். டோனா காலண்டரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "தாள் வெச்சானாம், தாள்" என்று முணுமுணுத்தபடி கோட்டை மாட்டினாள்.

எங்கள் வேலையில் கடைசியாக ஒரு வழி உண்டு. தாய், தகப்பன் இரண்டு பேரும் சம்மதித்தால், பிள்ளையும் சம்மதித்தால், அதற்கென்று தனியாகப் படித்தவர் பிள்ளையோடு பேசலாம். நான் அதையும் படித்திருந்தேன். கதவருகே வைத்து டோனாவிடம் கேட்டேன். "அவகிட்ட யாரையாவது பேச வெச்சா நல்லதுதான். என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா" என்றாள். ரஸ்ஸல் தலையை மட்டும் ஆட்டினான். அன்றைக்கு அவன் கையெழுத்து கேட்கவில்லை, பிஸ்கட்டும் தொடவில்லை.

அடுத்த வாரம் பள்ளி விட்டதும் மெய்ஸி வந்தாள். டோனா வெளியே ஹாலில் காத்திருந்தாள். மெய்ஸிக்கு இரட்டைச் சடை, முன்பல் ஒன்று பாதி வளர்ந்தது, நீலக் கோட்டு. அவளுக்கும் விதியைச் சொன்னேன். "நீ இங்க என்ன சொன்னாலும் அது நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். அம்மா அப்பாகிட்ட எதைச் சொல்லணும்னு நீ சொல்றியோ, அதை மட்டும்தான் சொல்லுவேன்."

"எழுதிக்கோங்க. இல்லன்னா மறந்துடுவீங்க" என்றாள்.

பேனாவை எடுத்தேன். பிள்ளைகளிடம் நேராகக் கேட்கக் கூடாது, சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும். பள்ளி, தோழிகள், பூனை என்று வளைத்துக்கொண்டிருந்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க ஞாயித்துக்கிழமை பத்திக் கேக்கலையா?" என்றாள்.

"கேக்கலாமா?"

பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தாள். நாலு மூலையிலும் ஒட்டுப் பசை உரித்த அடையாளம். பதினாலு வரிசை, ஏழு கட்டம், முழுக்க எண்கள். ஒரு வரிசைக்கு மஞ்சள். அதற்குமேல் அவளே பச்சைப் பென்சிலால் சில கட்டங்களுக்கு வட்டம் போட்டிருந்தாள்.

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். "இது உங்கிட்டதான் இருந்துச்சா?"

"என் ரூம் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருந்துச்சு. அப்பா இந்த வாரம் பத்துல இருக்கார். நீங்க தலைகீழா பாக்குறீங்க."

திருப்பிப் பிடித்தேன். "அம்மா இதைப் பார்த்ததில்லையா?"

"பார்த்தாங்களே. வாய்ப்பாடுன்னு நெனச்சிட்டாங்க. எம்பொண்ணு தானா வாய்ப்பாட்டை ஒட்டி வெச்சுப் படிக்கிறான்னு பெரியம்மாகிட்ட போன்ல சொன்னாங்க." சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அவ்ளோ சந்தோஷமா சொன்னாங்க. அதான் நான் ஒண்ணும் சொல்லல."

"அப்பாவோட சார்ட்டுன்னு சொல்லியிருக்கலாமே?"

"அப்பா பேரை எடுத்தாலே அம்மா பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுடுவாங்க. கழுவின பாத்திரத்தையே கழுவுவாங்க. அக்டோபர்ல ஒரு தடவை, இன்னைக்கு அப்பா வருவார், பெரியம்மா வீட்டுக்கு வேணாம்னு சொன்னேன். அடுத்த வாரம்தான்டின்னு சொல்லிட்டு டீ டம்ளரைத் தேய்க்க ஆரம்பிச்சுட்டாங்க."

பேனாவைக் கீழே வைத்தேன். "மெய்ஸி, அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமையும் அப்பா வேலைக்குப் போயிருப்பார்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும். அம்மாகிட்டயும் தெரியும்னு சொன்னேனே."

"அப்புறம் எதுக்குக் கோட்டு போட்டுக்கிட்டு உக்காந்திருந்த?"

எனக்குப் புத்தி கொஞ்சம் கம்மி என்று அவள் முடிவு கட்டியது முகத்திலேயே தெரிந்தது. பச்சை வட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"அப்பா வரமாட்டார். பஸ் வரும்ல? இந்த நம்பர் எங்க தெரு முனை வழியாத்தான் போகுது. பன்னெண்டு நாப்பதுக்கு மேட்டுப் பக்கம் போகும், ஒண்ணு அம்பதுக்குத் திரும்பி வரும். அம்மா கடைக்குப் போறப்ப கூடப் போய் நிக்கலாம்னு நெனச்சேன். அம்மா கடைக்கே போகல. என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க."

இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அழக் கூடாது என்பதும் பயிற்சியில் உண்டு. நான் குனிந்து பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறமாதிரி கொஞ்ச நேரம் மேஜைக்கடியில் இருந்தேன்.

"என்ன எழுதிக்கணும்?" என்று கேட்டேன், நிமிர்ந்து.

அவள் யோசித்து, விட்டுவிட்டுச் சொன்னாள். சார்ட்டு பற்றிச் சொல்லலாம். பஸ் பற்றியும் சொல்லலாம். வாய்ப்பாடு விஷயத்தைச் சொன்னால் அம்மா கோபப்படுவாளா என்று கேட்டாள். தெரியாது என்றேன். "சரி, சொல்லுங்க. ஆனா சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க" என்றாள். பாத்திரம் கழுவுகிறதை மட்டும் சொல்லக் கூடாது. போகும்போது, கஸ்டர்ட் கிரீமை விட சாக்லேட் பிஸ்கட் வாங்கி வைத்தால் நிறையப் பேர் வருவார்கள் என்று எங்கள் அலுவலகத்துக்கும் ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனாள். யோசனை சொல்லத் தடை எனக்குத்தானே, அவளுக்கு இல்லை.

மூன்றாம் தடவை ரஸ்ஸல் சூட்டில் வரவில்லை. நேராக டிப்போவிலிருந்து சீருடையில் வந்தான். சிவப்பு ஃபைலையும் காணோம். டோனா காலண்டரோடு வந்தாள். நான் சார்ட்டை மேஜைமேல் விரித்தேன். அது மெய்ஸியின் சம்மதத்தோடு என்னிடம் தங்கியிருந்தது.

"நான் சொன்னேன்ல?" என்று ரஸ்ஸல் துள்ளினான். "வெச்சேன்னு சொன்னேன்ல?"

டோனா தாளைப் பார்த்தாள். ஒட்டுப் பசை மூலைகளைத் தொட்டுப் பார்த்தாள். "இது வாய்ப்பாடு" என்றாள்.

"டியூட்டி சார்ட், கண்ணு."

"எனக்கு இப்பத் தெரியுது, ரஸ்ஸல்." கையால் வாயை மூடிக்கொண்டாள். "நான் என் அக்காகிட்ட... ஐயோ. டாக்டர்கிட்டகூடச் சொன்னேன். ஒம்பது வயசுல தானா வாய்ப்பாடு படிக்குதுன்னு."

சிரித்துக்கொண்டே சொல்லச் சொன்ன விஷயத்தை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அதனால் நேராகக் கோட்டு விஷயத்துக்கு வந்தேன். மெய்ஸி சொன்னபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் படித்தேன். அப்பா வரமாட்டார். பஸ் வரும்ல.

நல்லவேளையாக அன்று வியாழக்கிழமை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அமைதி. டோனா அழுதாள். ஓசையில்லாமல் அல்ல, நன்றாகவே அழுதாள். "தெரியும்னு சொன்னா. நான் அவ மனசு விட்டுப்போய் சொல்றான்னு நெனச்சேன். அவ சும்மா தெரியும்னு சொல்லியிருக்கா. நான்தான் அவளை வீட்டோட பூட்டி வெச்சுட்டேன்."

ரஸ்ஸல் அவளைக் குத்திக் காட்டுவான், இருபத்து நாலாவதாக இதையும் எழுதிக்கொள்வான் என்று நான் பயந்தேன். அவன் டிஷ்யூப் பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

"நானும் ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கணும்" என்றான். "அந்த ரெண்டு நாளும் பன்னெண்டு நாப்பதுக்கு அந்த முனையில நான் நிறுத்தினேன், டோனா. யாரும் ஏறல. கதவைத் திறந்து மூடிட்டுப் போயிட்டேன்."

அதற்குப் பிறகு வேலை சுலபம். ஒன்றரை மணி நேரத்தில் நாய்க் காலண்டரும் டியூட்டி சார்ட்டும் ஒன்றாயின. பல் டாக்டரின் வரவேற்பாளர் சார்ட்டைப் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள். டிப்போவில் உங்களுக்கு வேலை போட்டுக் கொடுப்பவருக்கு மூளை இல்லை, மூன்றாவது வரிசையையும் ஏழாவதையும் மாற்றினால் எல்லோருக்கும் நல்லது என்றும் சொன்னாள். அதை ஆறு வருஷமாக யூனியனே சொல்கிறது என்றான் ரஸ்ஸல். பதினாலில் ஆறு ஞாயிறு, முந்தின சனி ராத்திரியோடு சேர்த்து மெய்ஸி அப்பா வீட்டில். வாரநாள் விடுமுறைகளில் பள்ளி விட்டதும் அவனோடு சாயங்காலச் சாப்பாடு. பச்சை வட்டம் போட்ட ஞாயிறுகளில் பன்னிரண்டு நாற்பதுக்கு டோனா அவளை முனையில் ஏற்றிவிடுவாள், ஒன்று ஐம்பதுக்கு இறக்கிக்கொள்வாள். புதன்கிழமை போன் இனி ஸ்பீக்கரில் இல்லை. பஸ் முதலாளிகளிடம் ரஸ்ஸல் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் எழுதிக்கொண்டேன்.

எல்லாம் எழுதி முடித்ததும் ரஸ்ஸல் தொண்டையைச் செருமினான். "அப்ப அந்தக் கோர்ட்டுக் கையெழுத்து?"

"வேணுமா?"

"வேணாம். ஆனா சூட்டை இஸ்திரி போட்டு வெச்சுட்டேன்."

"மெய்ஸி கல்யாணத்துக்குப் போட்டுக்கோ" என்றாள் டோனா. "அதுக்குள்ள இளைச்சுடு."

என் அண்ணன் ப்ராட்ஃபோர்டில் இருக்கிறான். மார்ச் மாதம் ஒரு ஞாயிறு அவனைப் பார்க்கப் பஸ் ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் ரஸ்ஸல். நான் அவனைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது, வெளியில் பார்த்தால் நாங்கள் முதலில் பேசக் கூடாது என்பது விதி. அவனுக்கு விதி கிடையாது. "வாங்க கண்ணு, முன்னாடியே உக்காருங்க, முழங்கால் வலிக்கும்ல" என்றான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன்.

மலைச்சரிவின் அடியில் தெரு முனை வந்தபோது மணியைப் பார்த்தேன். பன்னிரண்டு நாற்பது. மழை தூறிக்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் நீலக் கோட்டும் அதற்குப் பின்னால் ஒரு குடையும் நின்றன. ரஸ்ஸல் கதவைத் திறந்தான். மெய்ஸி தன் சீட்டைக் காட்டிவிட்டு, மற்ற பயணிகளைப்போல ஒரு வார்த்தை பேசாமல் ஏறினாள். முகம் மட்டும் சிரித்துவிட்டது.

டோனா போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் குடையை மடக்கினாள். "இந்த மழையில ஒரு மணி நேரம் எங்க நிக்கிறது?" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அவளும் ஏறினாள்.

"ஏறு, கண்ணு" என்றான் ரஸ்ஸல். அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

ஓட்டுநருக்குப் பக்கத்தில், 'வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள்' என்ற அறிவிப்புக்கு நேர்கீழே உட்கார்ந்தாள். அண்ணாந்து அதைப் படித்தாள். "இந்த போர்டை நம்ம வீட்டுல மாட்டியிருக்கணும்" என்றாள். ரஸ்ஸல் கண்ணாடியில் அவளைப் பார்த்துச் சிரித்தான், விதிப்படி பதில் சொல்லவில்லை.

பஸ் மேட்டில் ஏறத் தொடங்கியது. மெய்ஸி அப்பாவின் முதுகு நன்றாகத் தெரிகிற முதல் இருக்கையைப் பிடித்திருந்தாள். பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, கோட்டைக் கழற்றி, மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.